சமன்பாட்டை எழுதும் முறை

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்தவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் கையில் சுண்ணக்கட்டி இல்லாமல் ஒரு சமன்பாட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்று என் முன் கரும்பலகை இல்லை. ஒலிவாங்கி ஒன்றுதான் இருக்கிறது. பேச எடுத்துக்கொண்ட பொருளோ, சமன்பாடுகளைக் கணிப்பொறியில் எவ்வாறு எழுதுவது என்பது. கண்ணால் காண வேண்டிய ஒன்றைக் காதுக்கு எப்படிச் சொல்வது என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்த்தபோது, அந்தத் தயக்கமே இப்பொருளுக்குத் தக்க வாயில் என்று தோன்றிற்று. சமன்பாட்டைக் கணிப்பொறிக்குச் சொல்வதும், பலகையைக் காணாத ஒருவருக்குச் சொல்வதும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

முதலில், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தேர்வு நடந்தது. வினாத்தாள் வெளியிலிருந்து அச்சாகி வந்தது; விடைக் குறிப்பும் கூடவே வந்தது. அதில் ஒரு வினா: இரண்டின் அடுக்கு பத்தை, இரண்டின் அடுக்கு மூன்றால் வகுக்க. அடிமானம் ஒன்றாயிருப்பதால் அடுக்குகளைக் கழிக்க வேண்டும். பத்தில் மூன்று போக ஏழு. இரண்டின் அடுக்கு ஏழு, 128. விடைக் குறிப்பில் 128 என்றே இருந்தது.

ஒரு பெண் மட்டும், ஈவு 9, மீதி 3 என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்துச் சுழி இட்டேன். மறுநாள் அவள் விடைத்தாளுடன் என் அறை வாயிலில் வந்து நின்றாள். கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், அதிகம் பேசாதவள். “வகுத்தது சரிதானே, சார்? எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்” என்றாள்.

அப்பொழுதுதான் வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் 210-ஐ 23-ஆல் வகுக்க என்று இருந்தது. யாரோ ஒரு கணிப்பொறியில் எழுதியதை வேறொரு கணிப்பொறிக்கு மாற்றியபோது, மேலே சிறிதாக நிற்க வேண்டிய 10-உம் 3-உம் கீழே இறங்கி, பக்கத்து எண்ணோடு சேர்ந்துவிட்டன. மற்ற பிள்ளைகள் அடுக்குப் பாடத்தை நினைவிற்கொண்டு ஊகித்துவிட்டார்கள். தாளில் இருந்ததை இருந்தபடியே படித்தவள் அவள் ஒருத்திதான். 23-ஐ ஒன்பதால் பெருக்கினால் 207, மீதி 3. அவள் கணக்கில் பிழையில்லை. வினாவைப் படிக்காமல் விடைக் குறிப்பை மட்டும் பார்த்துத் திருத்திய என்னிடந்தான் பிழை இருந்தது. “தப்பு உன்னுடையது இல்லை அம்மா” என்று சொல்லி மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ஆயினும், ஒரு சிறு எண் அரை விரற்கடை கீழே இறங்கியதால் ஒரு குழந்தை ஓர் இரவு முழுவதும் தன் அறிவையே ஐயுற்றிருப்பாள் என்பதை என்னால் மறக்க இயலவில்லை.

இது ஏன் நேர்கிறது? நாம் எழுதும் உரைநடை ஒரே வரிசையில் செல்வது. ஓர் எழுத்தை அடுத்து மற்றோர் எழுத்து. ஒரு சொல்லை அடுத்து மற்றொரு சொல். சமன்பாடு அப்படியன்று. அதில் மேலும் கீழும் உண்டு. பெரிதும் சிறிதும் உண்டு. ஓர் எண் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதன் பொருளில் பாதி.

நம் மாவட்டத்துச் சிதம்பரத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு முதல் 1941 வரை அங்கே கணிதம் கற்பித்தவர் எஸ். எஸ். பிள்ளை. எந்த முழு எண்ணையும் நான்குக்கு மேற்படாத வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பது 1770-இல் நிறுவப்பட்ட உண்மை. வர்க்கத்துக்கு நான்கு போதும். கனத்துக்கு எத்தனை, ஆறாம் அடுக்குக்கு எத்தனை என்பது அதைத் தொடர்ந்து எழுந்த கேள்வி. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940-இல் நிறுவியவர் பிள்ளை அவர்கள்.

அந்த எண்ணைத் தரும் வாய்பாடு எளியது. இரண்டின் அடுக்கு ஆறு, அதாவது 64. அதனோடு, ஒன்றரையின் அடுக்கு ஆறில் உள்ள முழு எண்ணைக் கூட்டுக. ஒன்றரையின் அடுக்கு ஆறு 11.39 என வரும். முழு எண் 11. பிறகு இரண்டைக் கழிக்க. 64-உம் 11-உம் 75. இரண்டு போக 73.

இதில் ஒன்றரை என்பதைப் பின்னமாக, மேலே 3, கீழே 2 என்று எழுதி, அதற்கு ஓர் அடைப்பு இட்டு, அடைப்புக்கு வெளியே மேலே 6 என்று எழுதுவது வழக்கம். அந்த 6 அடைப்பை விட்டு மேலே உள்ள 3-இன் தலைமேல் மட்டும் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 3-இன் அடுக்கு ஆறு 729; அதில் பாதி 364-உம் அரையும்; முடிவு 426 ஆகிவிடும். அதே 6 கீழே உள்ள 2-இன் தலைமேல் ஏறினாலோ, பின்னம் 64-இல் 3 பங்கு ஆகிவிடும், அதில் முழு எண் எதுவும் இல்லை, முடிவு 62. எழுத்தும் எண்ணும் ஒன்றே. 6 நின்ற இடந்தான் வேறு. அதனால் 73, 426, 62 என மூன்று விடைகள்.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில் இந்த இடத்தைக் காப்பது கடினமான வேலையாயிருந்தது. உரைநடைக்கு எழுத்துகளை ஒரு வரியில் அடுக்கினால் போதும். சமன்பாட்டுக்கோ, சிறிய எண்ணைச் சிறிய அச்சில் எடுத்து, அது மேலே நிற்கும்படி அடியில் ஈயத் துண்டு வைத்து, பின்னத்தின் நடுவே கோட்டுக்கு மெல்லிய தகடு செருகி, எதுவும் ஆடாமல் இறுக்க வேண்டும். வர்க்கமூலக் குறி இதனினும் தொல்லை தருவது. அதன் கூரை எவ்வளவு தொலைவு நீள வேண்டும் என்பதை அச்சுக் கோப்பவரே அளந்து வைக்க வேண்டும்.

கூரையின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீனிவாச இராமானுசனே சான்று தருகிறார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் வி. இராமசாமி ஐயர். அவர் திருக்கோவலூரில் அரசு அலுவலராயிருந்தபோது, 1910-ஆம் ஆண்டில் இராமானுசன் தம் குறிப்பேட்டுடன் அவரைத் தேடி வந்தார். திருக்கோவலூரும் நெல்லிக்குப்பமும் அக்காலத்தில் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. மறு ஆண்டு, 1911-இல், அக்கழகத்தின் இதழில் இராமானுசன் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வர்க்கமூலம், அதனுள் ஒன்றும், இரண்டு மடங்கு இன்னொரு வர்க்கமூலமும். அந்த இரண்டாம் மூலத்தினுள் ஒன்றும், மூன்று மடங்கு வேறொரு மூலமும். அதனுள் ஒன்றும், நான்கு மடங்கு மற்றொன்றும். இவ்வாறு முடிவின்றிச் செல்லும். இதன் மதிப்பு என்ன?

விடை 3. காரணத்தை நீங்களே காணலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது ஒன்றும் எட்டும். எட்டு என்பது இரண்டு மடங்கு 4. அந்த 4 என்பது 16-இன் மூலம். 16 என்பது ஒன்றும் பதினைந்தும். பதினைந்து என்பது மூன்று மடங்கு 5. அந்த 5 என்பது 25-இன் மூலம்; 25 என்பது ஒன்றும் இருபத்து நான்கும்; அது நான்கு மடங்கு 6. ஒரு பெட்டிக்குள் ஒரு பெட்டியாக இது தொடர்ந்துகொண்டே போகிறது.

இப்போது, வெளிப் பெட்டியின் கூரை ஒன்றின் மேலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றின் மூலம் ஒன்று. அதனோடு இரண்டு மடங்கு 4 சேர்ந்தால் 9. கூரை குறுகியதும் மூன்று ஒன்பதாகிவிட்டது.

கணிப்பொறி வந்த பிறகும் இத்தொல்லை உடனே தீர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், கணிப்பொறி நிரல் எழுதும் கலையைப் பற்றிப் பல பகுதிகளாக ஒரு பெருநூல் எழுதி வந்தார். அதன் இரண்டாம் பகுதியின் மறுபதிப்புக்கான அச்சுப்படி 1977-இல் அவரிடம் வந்தது. ஈய அச்சு வழக்கொழிந்து ஒளி அச்சு வந்திருந்த காலம் அது. புதிய எழுத்துகளின் தோற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. நூல் எழுதுவதை நிறுத்திவிட்டு, சமன்பாடுகளைச் செம்மையாகக் கோக்கும் ஒரு நிரலைத் தாமே எழுதத் தொடங்கினார். முதல் வடிவம் 1978-இல் வந்தது. கலை, கைத்தொழில் என்னும் இரு பொருளும் உள்ள ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டெக் என்று பெயரிட்டார். யாரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு அதை விட்டுவிட்டார். அந்நிரலைத் திருத்தும்போதெல்லாம் அதன் பதிப்பு எண்ணில் வட்ட விகிதத்தின் இன்னும் ஓர் இலக்கம் கூடுகிறது. 2021-இல் அது 3.141592653 என்னும் அளவை எட்டியது. டெக்கின் மேல் எளிய கட்டளைகளை அமைத்து, 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது லேடெக். இன்று கணித ஆய்வுக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை அதில்தான் எழுதப்படுகின்றன.

அதன் அடிப்படைக் கருத்து மிக எளியது. சமன்பாட்டின் படத்தை வரையாதே. அதன் அமைப்பைச் சொல். வரைவதை நிரல் பார்த்துக்கொள்ளும். இதுவே அக்கருத்து.

பின்னம் வேண்டுமா? வலப்புறமாகச் சாயாமல் பின்புறமாகச் சாயும் கோடு ஒன்றை இட்டு, ஃப்ராக் என்று எழுதுகிறோம். கணங்களை எழுதும்போது இடுகிறோமே, அந்த நெளிவு அடைப்புக்குள் தொகுதியையும், இன்னொரு நெளிவு அடைப்புக்குள் பகுதியையும் எழுதுகிறோம். வர்க்கமூலம் வேண்டுமா? அதே சாய்கோட்டை இட்டு, எஸ், க்யூ, ஆர், டி என்னும் நான்கு எழுத்துகளை எழுதி, மூலத்தினுள் வர வேண்டியதை நெளிவு அடைப்புக்குள் வைக்கிறோம். அடைப்பு எங்கே மூடுகிறதோ அதுவரை கூரை தானாக நீளும். அளக்க வேண்டியதில்லை. அடுக்குக்குக் கூர்முனைக் குறி. விசைப்பலகையில் 6-ஆம் எண் விசையின் மேற்புறத்தில் அதைக் காணலாம். சமன்பாடு உரையின் நடுவே வந்தால், அதன் முன்னும் பின்னும் ஒரு டாலர் குறி இட வேண்டும்; இது உரை, இது கணக்கு என்று பிரித்துக் காட்டும் வேலி அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூர்முனைக் குறி தனக்கு அடுத்த ஒரே ஓர் எழுத்தைத்தான் மேலே ஏற்றும். 2, கூர்முனை, 10 என்று அடைப்பின்றி எழுதினால், 1 மட்டும் மேலே போகும். 0 தரையிலேயே நின்றுவிடும். 10 முழுவதும் ஏற வேண்டுமானால் அதனை நெளிவு அடைப்புக்குள் இட வேண்டும். என் மாணவியின் வினாத்தாளை எழுதியவர் இம்முறையில் எழுதியிருந்தால், எந்தக் கணிப்பொறிக்கு மாற்றினாலும் அந்த அடைப்பும் கூர்முனையும் எழுத்துகளோடு எழுத்தாகக் கூடவே சென்றிருக்கும். 210 என்னும் எண் பிறந்திராது.

இணையப் பக்கங்களின் தொடக்க காலத்தில் இவ்வசதி இல்லை. சமன்பாட்டைப் படமாக்கி ஒட்டினார்கள். படத்தைப் பார்க்கலாம், அதில் உள்ள ஒரு குறியைத் தேட இயலாது, திருத்த இயலாது, எடுத்துக் கணக்கிடவும் இயலாது. 1998-இல், சமன்பாட்டின் அமைப்பை இணையப் பக்கத்திலேயே குறிக்கும் மேத்எம்எல் என்னும் முறை தரப்படுத்தப்பட்டது. 2010-இல் மேத்ஜாக்ஸ் என்னும் நிரலின் முதற் பதிப்பு வெளிவந்தது. லேடெக் முறையில் எழுதியதை அது உலாவியிலேயே சமன்பாடாக்கிக் காட்டுகிறது. 2014-இல் கேடெக் என்னும் விரைவான நிரல் ஒன்றும் வந்தது.

அதே 2014-இல் தோன்றியதுதான் ஜுபிட்டர் என்னும் கணிப்புக் குறிப்பேட்டுத் திட்டம். ஒரே ஏட்டில் ஒரு கட்டத்தில் விளக்கமும் சமன்பாடும் எழுதலாம். அடுத்த கட்டத்தில் அதைக் கணக்கிடும் நிரலை எழுதலாம். அதன் கீழே விடை தோன்றும். இராமானுசன் தாள் விலைக்கு அஞ்சிக் கற்பலகையில் கணக்குப் போட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார் என்பது நீங்கள் அறிந்ததே. அக்குறிப்பேடுகளை 1957-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இரு தொகுதிகளாக ஒளிப்படப் பதிப்பாக வெளியிட்டது. அவற்றின் முடிவுகளுக்கு நிறுவல்கள் சேர்த்துப் புரூஸ் பெர்ன்ட் என்னும் அறிஞர் ஐந்து பகுதிகள் வெளியிட்டு முடித்தது 1998-இல். பலகையில் அழிந்த படிகளை மீட்க எத்தனை ஆண்டு உழைப்பு பாருங்கள். இன்றைய கணிப்புக் குறிப்பேடு, போட்ட வழியையும் வந்த விடையையும் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறது.

இதை எனக்குக் காட்டியவள் சிதம்பரத்தில் படிக்கும் என் பேத்தி. ஒரு சனிக்கிழமை நெல்லிக்குப்பத்துக்கு வந்திருந்தபோது, “ஏதாவது ஒரு சமன்பாடு சொல்லுங்கள் தாத்தா, எழுதிக் காட்டுகிறேன்” என்றாள். திண்ணையில் அமர்ந்தபடி இராமானுசனின் கேள்வியைச் சொன்னேன். “ஒன்றின் மூலம், கூட்டல் இரண்டு மடங்கு” என்று தொடங்கினேன். அவள் கேட்டபடியே ஒன்றோடு அடைப்பை மூடிவிட்டாள். பிறகு திரையில் கண்ட சமன்பாட்டையே நிரலாக எழுதி ஓட்டினாள். 5, 6.55, 7.59 என எண்கள் ஏறிக்கொண்டே போயின. “மூன்று என்றீர்களே தாத்தா, ஒன்பதை நோக்கிப் போகிறதே?” என்றாள். திரையைப் பார்த்தேன், முதற் கூரை ஒன்றின் மேலேயே நின்றிருந்தது. நான் சொன்ன சொற்களை அவள் பிழையின்றி எழுதியிருந்தாள், சொன்னதுதான் பிழை. “மூலம் திறக்கிறது, உள்ளே ஒன்று, கூட்டல், இரண்டு மடங்கு, இன்னொரு மூலம் திறக்கிறது” என்று மாற்றிச் சொன்னேன். இப்போது 1.73, 2.24, 2.56, 2.76 என மூன்றை நோக்கி எண்கள் வந்தன.

அன்று மற்றொன்றும் கற்றேன். சமன்பாட்டு வரி வேறு, நிரல் வரி வேறு. ஒன்றைத் திருத்தினால் மற்றது தானே திருந்துவதில்லை. பைத்தான் மொழி நிரலில் கூர்முனைக் குறிக்கு அடுக்கு என்று பொருளே இல்லை. அங்கே 2, கூர்முனை, 10 என்று எழுதினால் 1024 வராது, 8 வரும். அடுக்குக்கு அங்கே இரண்டு உடுக்குறிகள் இட வேண்டும். ஆதலின், அழகாக அச்சான சமன்பாடு என்பதற்காக அதன் கீழுள்ள விடையை நம்பிவிடாதீர்கள். சிறிய எண் ஒன்றைக் கொடுத்துக் கையால் சரிபாருங்கள்.

அமைப்பைச் சொல்லி எழுதுவதால் விளைந்த நன்மைகளுள் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவதை இறுதியில் சொல்கிறேன். புனேயில் பிறந்த டி. வி. இராமன் பதினான்காம் வயதில் பார்வையை இழந்தவர். புனேயில் கணிதமும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணிப்பொறியும் பயின்று, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே 1994-இல் அவர் அளித்த ஆய்வின் பொருள், லேடெக் முறையில் எழுதிய கணித ஏடுகளைக் கணிப்பொறி உரக்கப் படித்துக் காட்டும் ஒரு முறை. தமக்கு வழிகாட்டிய நாயின் பெயரான ஆஸ்டர் என்பதையே அம்முறைக்கும் சூட்டினார். பின்னம் எங்கே தொடங்குகிறது, கூரை எங்கே முடிகிறது என்பவை எழுத்திலேயே குறிக்கப்பட்டிருந்ததால் அவற்றைக் குரலாக மாற்ற இயன்றது. அடுக்கைக் குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே உணர்த்தவும் அவர் வழி கண்டார். சமன்பாட்டைப் படமாக ஒட்டியிருந்தால், அதில் ஒரு படம் இருக்கிறது என்பதற்கு மேல் அவர் காதுக்கு எதுவும் எட்டியிராது.

எனவே மாணவர்களே, செய்முறைக் கட்டுரையோ, பாடக்குறிப்போ, தோழருக்குச் செய்தியோ எழுதும்போது, சமன்பாட்டை ஒளிப்படம் எடுத்து ஒட்டுவதோடு நில்லாதீர்கள், அதை எழுதுங்கள். லேடெக் முறையைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும், பொருட்செலவு இல்லை. அதற்கு வசதியில்லாத இடத்தில், அடைப்புகளைத் தாராளமாக இட்டு, அடுக்கு என்று சொல்லாலேயே எழுதுங்கள். எழுதி முடித்ததும், பலகையைக் காணாத ஒருவருக்குச் சொல்வதுபோல் ஒருமுறை உரக்கப் படியுங்கள். எங்கே திறந்தது, எங்கே மூடியது என்று உங்களாலேயே சொல்ல இயலாவிட்டால், அந்த இடத்தில் ஓர் அடைப்புக் குறைகிறது என்று அறியுங்கள்.

அந்த மாணவி இப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டாள். சென்ற ஆண்டு என்னைக் காண வந்தபோது, தான் தயாரித்த வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தர வேண்டும் என்றாள். விடைக் குறிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, வினாக்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அடுக்குகளெல்லாம் தத்தம் இடத்தில் நின்றிருந்தன.